முப்பத்தொரு சதவீதம்

எங்கள் ரத்த வங்கியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மனிதரைப் பெயர் சொல்லித் தேடினால் ஒருவருக்கும் தெரியாது. பெண்டுலம் எங்கே என்று கேளுங்கள், வாசலில் நிற்கும் காவலாளிகூடக் கை காட்டுவார். போனில் பேச ஆரம்பித்தால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே இருப்பார். பார்க்கிற நமக்குத்தான் கழுத்து வலிக்கும். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

ஐம்பத்தொரு வயது. இன்னும் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. லிஃப்ட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் அது காதில் வாங்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நாலு முறை அழுத்திவிட்டு, அது வருவதற்குள் படியேறிப் போய்விடுவார். சிக்னலில் ஒரு நிமிஷம் நிற்பதற்குப் பதில் மூன்று தெரு சுற்றுவார். அவர் மனைவி கணக்கு டீச்சர். ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்: "இவரு வீட்ல இருந்தா குக்கர்கூட நிம்மதியா விசில் அடிக்க முடியாதுங்க. ஆயிடுச்சா, ஆயிடுச்சான்னு அடுப்புக்குப் பக்கத்துலயே நிப்பாரு." மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்புக்கொள்ளாமல் மூன்றாவது டீ குடிக்கப் போனாராம். அந்த நேரம் பார்த்துக் குழந்தை பிறந்துவிட்டது. மாமியார் அதை இன்றுவரை விடவில்லை.

குறையை மட்டும் சொன்னால் பாவம். டைப் அடிக்கிற வேலைக்கு வந்தவர். பஸ்ஸில் போகவர, தலையணை கனத்தில் இருந்த புத்தகங்களைப் படித்துப் படித்துத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். பிரிண்டர் லேசாக முனகினாலே திருப்புளியோடு வந்து நிற்பார். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அந்தப் பரபரப்பால் நாங்கள் எத்தனையோ முறை பிழைத்திருக்கிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வேலை கூப்பிடுவது. எந்த வகை ரத்தம் குறைகிறதோ அந்த வகைக்காரர்களைப் போனில் பிடித்து, நயமாகப் பேசி, வரவழைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக இந்த வாயை வைத்துத்தான் பிழைப்பு. முன்பு பேரேடுகள் இருந்தன. பதினொரு வருஷமாக எல்லாம் டேட்டாபேஸில். வகையைத் தட்டினால் பெயர், போன் நம்பர், கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதெல்லாம் திரையில் வந்து நிற்கும். நாற்பதாயிரம் பேர் அதற்குள் இருக்கிறார்கள். என் தலைக்குள் பத்துப் பேர்கூட இல்லை.

அன்று காலை ஒன்பது பத்துக்கு மின்சாரம் போனது. போனால் போகட்டும், பேட்டரி தாங்கும் என்று இருந்தோம். பேட்டரி கைவிட்டது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுவதற்குள் சர்வர் அறை மொத்தமும் அணைந்து போயிற்று. ஒன்பதரைக்கு எல்லாம் திரும்ப வந்தது. ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டிகள் ஓடின, விளக்குகள் எரிந்தன, என் கம்ப்யூட்டரும் கண் விழித்தது. டேட்டாபேஸ் மட்டும் வரவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு என் போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டரம்மா.

"முதல் பிரசவம். இருபத்தாறு வயசு. நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு. காலைல ரத்தப்போக்கு ஆரம்பிச்சிடுச்சு. இப்ப கொஞ்சம் அடங்கியிருக்கு, ஆனா எப்ப வேணா மறுபடி ஆரம்பிக்கலாம். ரெண்டு பை கைல இல்லாம கத்தி வைக்க எனக்கு பயமா இருக்குங்க."

அவர் வகையைச் சொன்னார். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் வகை அது. வேறு எந்த ரத்தமும் சேராது, அதற்கு அதுதான். யாரும் இருப்பில் வைப்பதில்லை. ஆள் தேவைப்படும்போது அந்த வகைக்காரரைக் கூப்பிட்டு அப்போதே எடுப்பதுதான் வழக்கம். எங்கள் பட்டியலில் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் அந்த வராத டேட்டாபேஸுக்குள் இருந்தார்கள்.

மற்ற இரண்டு ரத்த வங்கிகளுக்குப் போன் போட்டேன். இல்லை என்றார்கள். பழைய விண்ணப்பத் தாள்கள் சாமான் அறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தேதிவாரியாகத்தான் கட்டியிருந்தோம், வகைவாரியாக அல்ல. பரிசோதனைக் கூடத்திலிருந்து இரண்டு பேர் போய் மூட்டைகளைப் பிரித்து உட்கார்ந்தார்கள். முந்தின நாள் எடுத்த நகல் ஒன்று தலைமை அலுவலகத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்து வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி எடுக்க அரை நாள் ஆகும் என்றார் பெண்டுலம். ஆக, இந்த டேட்டாபேஸ் எழுந்து வந்தால்தான் உண்டு. நான் போய் சர்வர் அறைக் கண்ணாடிக் கதவருகே நின்றுகொண்டேன்.

அது அறையே இல்லை, ஒரு பெரிய அலமாரி. உள்ளே ஏசிக் குளிர், இரும்புத் தட்டில் ஒரு திரை. திரையில் ஒரே ஒரு வரி: மீட்பு நடக்கிறது. பக்கத்தில் சதவீதம். நான்கு, ஒன்பது, பதினேழு என்று மளமளவென்று ஏறியது. முப்பத்தொன்றில் நின்றது.

"என்ன தம்பி?"

"முப்பத்தொண்ணுலயே நிக்குதுக்கா."

"நின்னா?"

"எங்கயோ மாட்டிக்கிச்சு." அந்த ஆறடி அலமாரிக்குள் அவரால் நடக்க முடியவில்லை. அதனால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தார். திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பொறுத்திருப்பார். அவருக்கு அது ஒரு யுகம். "சரி, மறுபடி மொதல்லேர்ந்து" என்று நிறுத்திவிட்டு திரும்பக் கிளப்பினார்.

அப்போது மணி பத்து. நான்கு, ஒன்பது, பதினேழு, முப்பத்தொன்று. அங்கேயே நின்றது.

இதற்கு நடுவில், டேட்டாபேஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் ஆறாவதாக இருக்கிறீர்கள் என்று ஒரு பதிவுக் குரல் வரும், பிறகு பாட்டு. பாட்டை இரண்டு நிமிஷம் கேட்பார், கட் பண்ணிவிட்டு மறுபடி அடிப்பார். வரிசையில் எட்டாவது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருபத்தாறு வருஷம் போனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தப்பு என்று தோன்றியிருக்க வேண்டாமா? எனக்கும் அன்று மூளை வேலை செய்யவில்லை.

பத்தரை மணிக்கு டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். யாராவது கிடைத்தார்களா என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். எத்தனை நேரம் ஆகும் என்றார். இதோ கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு சர்வர் அறைக்கு ஓடினேன். முப்பத்தொன்று. பெண்டுலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு இருபது நிமிஷம் நின்று நான் பார்த்ததில்லை.

"இந்த தடவ கொஞ்சம் விட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்கா," என்றார்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. நான் கத்தினேன். "விட்டுப் பாக்கறதா? அங்க ஒரு பொண்ணு ரத்தம் போயிட்டு கெடக்கு, நீங்க இங்க கையக் கட்டிட்டு வேடிக்க பாத்துட்டு நிக்கிறீங்க! ஏதாவது பண்ணுங்க தம்பி! அதையே பாத்துட்டு நின்னா வந்துடுமா?"

அவ்வளவுதான். சாவி கொடுத்த மாதிரி ஆனார். மொத்த சர்வரையும் அணைத்தார். கேபிள்களைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். திரும்பக் கிளம்பவே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. பத்து ஐம்பதுக்கு நான்கு, ஒன்பது, பதினேழு. பதினொன்று ஐந்துக்கு முப்பத்தொன்று. பதினொன்றேகாலுக்கு அவரே ஏதோ அமைப்பை மாற்றிப் பார்க்கிறேன் என்று மூன்றாவது முறையாக நிறுத்தினார். பதினொன்று இருபதுக்கு நான்காவது முறையாகக் கிளப்பினார்.

அவர் மறுபடி போனை எடுத்தபோது எனக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது. பிடுங்கிக்கொண்டேன். "நீங்க திரையப் பாருங்க. இது என் வேல." பாட்டு முழுவதையும் கேட்டேன். மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு பெண் வந்தாள். நிதானமான குரல். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எவ்வளவு நேரமா முப்பத்தொண்ணுல நிக்குது சார்?"

"இப்பதான் கெளப்பினேன், இன்னும் அது வரைக்கும் வரல. முன்னாடி தடவ பத்து நிமிஷம், இருபது நிமிஷம்…"

"முன்னாடி தடவயா? நிறுத்தினீங்களா?"

"மூணு தடவ."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்: "கரண்டு போறப்ப பெரிய வேல ஏதாவது ஓடிட்டு இருந்ததா?"

பெண்டுலத்தின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் பட்டியலில் ஒரே ஆள் மூன்று பெயரில், மூன்று போன் நம்பரில் இருப்பார். பாதி நம்பர் செத்த நம்பர். அதைச் சுத்தப்படுத்தித் தாருங்கள் என்று நானே மாதக்கணக்கில் அவரை நச்சரித்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம், பதினொரு வருஷக் குப்பை முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி அந்த வேலையை ஓடவிட்டுப் போயிருந்தார். முழுதாக முடிந்தால் முடிந்தது. பாதியில் நின்றால், அதுவரை மாற்றியதையெல்லாம் டேட்டாபேஸ் தானாகவே ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். இது அவருக்குத் தெரியும். அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிற அளவுக்குத் தெரியும். அன்று அது அவர் நினைவுக்கே வரவில்லை.

"அது நிக்கல சார்," என்றாள் அந்தப் பெண். "உள்ள வேல பாத்துட்டுதான் இருக்கு. நம்பர்தான் மெதுவா மாறும். நிறுத்தினா மறுபடி ஒண்ணுலேர்ந்து வரும். ஒன்றரை மணி நேரம் ஆகும்னு வெச்சுக்குங்க. தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

போனை வைத்ததும் பெண்டுலம் வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியை என் கையில் திணித்தார். "நான் கேட்டாலும் தராதீங்கக்கா."

அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் சொல்ல? ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மட்டும் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முறைத்தேன். உட்கார்ந்தார். நான் என்னவோ பெரிய நிதானி மாதிரி. நானே நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று. முப்பத்தொன்று. சாமான் அறையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையெல்லாம் தூசியோடு வந்து, இரண்டு வருஷத்துத் தாளைத்தான் முடித்திருக்கிறோம், ஒன்றும் சிக்கவில்லை என்றார்கள்.

பன்னிரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரத்தப்போக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது, இனி காத்திருக்க முடியாது, உள்ளே கொண்டுபோகிறோம் என்றார்கள். நான் பெண்டுலத்திடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அப்போதுதான் முப்பத்திரண்டு ஆனது. பிறகு நாற்பது. ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு என் திரையிலிருந்து 'இணைப்பு இல்லை' போய், தேடும் கட்டம் வந்தது. தட்டினேன். ஐந்து பெயர்கள். அவசரத்தில் முதல் நம்பரைத் தப்பாக அடித்தேன். சரியாக அடித்தபோது ஸ்விட்ச் ஆஃப். இரண்டாமவர் வெளியூரில். மூன்றாமவர் ஒரு வெல்டர்.

"எத்தன மணிக்கு வரணும் மேடம்?"

"இப்பவே. போட்டது போட்டபடி வாங்க."

ஒன்று இருபத்தைந்துக்கு வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். நான்காமவர், பள்ளிக்கூட பஸ் டிரைவர், இரண்டு மணிக்கு வந்தார். எடுத்து, சோதித்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்து, முதல் பை ஆஸ்பத்திரியைச் சேர்ந்தபோது இரண்டரை.

பெண் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. பெண் குழந்தை. ஆனால் ரத்தம் நிற்காததால், பையும் வராததால், ஒன்று ஐம்பதுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் டாக்டரம்மா போனில் சொன்னார்: "ரத்தம் கைல இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நேரம் போராடிப் பாத்திருப்பேன். காப்பாத்தியிருப்பேனான்னு தெரியல. பாத்திருப்பேன்."

நான் கணக்குப் போட்டேன். பெண்டுலமும் போட்டிருப்பார். ஒன்பதரைக்குக் கிளம்பியதை அப்படியே விட்டிருந்தால் பதினொன்று ஐந்துக்கு வந்திருக்கும். பன்னிரண்டே முக்காலுக்குள் பை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கும்.

எங்கள் மேலாளர் அறிக்கை எழுதினார். மின்தடை, பேட்டரி பழுது, டேட்டாபேஸ் மீட்பில் தாமதம் என்று மூன்று வரி. பெண்டுலம் அதற்குக் கீழே நாலாவதாக ஒரு வரி தன் கையால் எழுதினார்: மீட்பை மூன்று முறை இடையில் நிறுத்தியது நான். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "யாருய்யா கேட்டா உங்கள?" நானும் அதையேதான் கேட்டேன், கோபமாகவே கேட்டேன். அந்த வரியில் ஒரு முறை என்னுடையது. என்னைச் சேர்க்காமல் எழுதிவிட்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

நாலாம் நாள் காலை அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். நக இடுக்கில் வெள்ளை வர்ணம் காய்ந்து கிடந்தது. இப்படி அரிய வகை, அன்றைக்குப் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, ஒருத்தர் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து சரிசெய்தார் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக பெண்டுலத்திடம் வந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா சார்? நீங்க இல்லன்னா இன்னிக்கு என் வீட்ல ரெண்டு பேரும் இல்ல சார்."

பெண்டுலம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "உக்காருங்க," என்றார். அவரே முதலில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் அந்த மனிதரும் உட்கார்ந்தார்.

"கரண்டு போனது நெஜம். ஆனா அது தானாவே சரியாயிட்டு இருந்தது. நான்தான் பொறுக்க முடியாம மூணு தடவ நிறுத்திட்டேன். விட்டிருந்தா பதினொரு மணிக்கே வந்திருக்கும். உங்களுக்கு ரத்தம் ரெண்டு மணி நேரம் முன்னாடி கெடச்சிருக்கும்."

வர்ணக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு உதடு அசைந்தது, மணியை எண்ணினார். "அவளுக்கு அத எடுத்தது ஒண்ணு அம்பதுக்குன்னு சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப அதுக்கு முன்னாடி வந்திருக்குமா?"

"வந்திருக்கும். வந்திருந்தா எடுக்காம விட்டிருப்பாங்களான்னு டாக்டருக்கே தெரியல. ஆனா வந்திருக்கும்."

பிடித்திருந்த கைகள் மெதுவாக விலகின. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். திட்டவில்லை. "அவளுக்கு ரெண்டு மூணு புள்ளைங்க வேணும்னு ஆச சார்," என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் இரண்டடி தள்ளி, என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்தபோது கண் என்மேல் பட்டது.

"நீங்களும் அன்னிக்கு இங்கதான் இருந்தீங்களா மேடம்?"

"இருந்தேன்."

"அப்ப நீங்களாவது சொல்லக் கூடாதா, கொஞ்சம் விட்டுப் பாருங்கன்னு?"

இருபத்தாறு வருஷமாகப் பேசியே பிழைக்கிற இந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. பெண்டுலம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அவங்களுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் பெண்டுலம், வர்ணக்காரரிடம்.